மழைக்குப் பிறகு ஸ்ட்ராபெரிச் செடிகள் வாடுகின்றன, மண்ணில்தான் கோளாறா?

மேட்டுநிலம் | ஜனவரி 9

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் நிலத்தில் 10 சென்ட் மட்டும் ஒதுக்கி, போன அக்டோபரில் ஸ்ட்ராபெரி வைத்தேன். விண்டர் டான் ரகம், மகாபலேஷ்வர் பக்கமிருந்து வரவழைத்த நாற்று, மொத்தம் 2,000 செடி. அதற்கு முன் அந்த இடத்தில் அப்பா 20 வருடமாக உருளைக்கிழங்கும் காரட்டும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தார். நட்ட முதல் 3 வாரம் செடி நன்றாகத்தான் இருந்தது. நவம்பரில் மழை பிடித்தது, அடுத்தடுத்து 5 நாள் விடவே இல்லை. மழை நின்று வெயில் அடித்த முதல் நாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், தண்ணீர் காணாத செடி மாதிரி வாடி நிற்கிறது, கீழே மண்ணோ சொதசொதவென்று இருக்கிறது. இன்றைய கணக்குக்கு 600 செடிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இருப்பதும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் வளரவில்லை, இலை ஓரம் சிவந்து கிடக்கிறது.

மாட்டெரு போட்டிருக்கிறேன், டி.ஏ.பி. உரம் போட்டேன், 19:19:19 கலப்பு உரம் இரண்டு தடவை தெளித்தேன். கடையில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் எடுத்துக் கொடுக்கிறார்கள். இனி என்ன போட்டால் செடி எழும்பும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நாற்றுக்கே நிறைய செலவாகிவிட்டது. அப்பா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மேல்மலைக்காரி | ஜனவரி 9

தம்பி, இனி ஒன்றும் போடாதீர்கள், முதலில் தோண்டிப் பாருங்கள். செத்த செடியைப் பிடுங்கினால் ஒன்றும் தெரியாது. பாதி வாடியிருக்கிற செடி ஒன்றை மண்ணோடு சேர்த்து, மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்குக் கட்டியாக எடுங்கள். வேர் எந்தப் பக்கம் போயிருக்கிறது, என்ன நிறம், மண் என்ன வாசனை அடிக்கிறது, எத்தனை மண்புழு இருக்கிறது, இவ்வளவையும் பார்த்து எழுதுங்கள். செடியின் அடித்தண்டை, அதாவது இலையும் வேரும் சேருகிற அந்தக் குட்டையான கட்டையை, கத்தியால் நெடுக்காக வெட்டி உள்ளே என்ன நிறம் என்றும் சொல்லுங்கள்.

அப்புறம் பாத்தி எவ்வளவு உயரம்? எதைக் கொண்டு உழுதீர்கள், எப்போது உழுதீர்கள்? இதெல்லாம் தெரியாமல் நான் எது சொன்னாலும் இருட்டில் கல் எறிகிற மாதிரிதான். கொடைக்கானல் பக்கம் பூம்பாறைக்கு மேலே 8 வருடமாக இந்தப் பயிர் வைத்திருக்கிறேன், முதல் 2 வருடம் நானும் உங்களை மாதிரியே கடை கடையாக அலைந்தவள்தான்.

மேட்டுநிலம் | ஜனவரி 10

அக்கா, காலையிலேயே தோண்டினேன். மேலே 4 விரல்கட்டை மண் பரவாயில்லை, உதிர்கிறது. அதற்குக் கீழே, சரியாகச் சொன்னால் அரை அடிக்குச் சற்று மேலே, வெட்டியெடுத்த பலகை மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறது. மண்வெட்டி முனை அதில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகிறது, அந்த இடம் மட்டும் மெழுகு தேய்த்தது போலப் பளபளக்கிறது. வேர் நேராக இறங்கி வந்து, அந்தப் பலகையைத் தொட்டதும் எல்லாம் ஒரே பக்கமாக மடங்கிப் படுத்திருக்கிறது. அந்த இடத்து மண்ணை மூக்கருகே கொண்டுபோனால் சாக்கடை நெடி. வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் தனியாக உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. அடித்தண்டுக்குள் காவி நிறம். மண்புழு ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன், அதுவும் மேல் மண்ணில்.

பாத்தி நட்டபோது 7 அங்குலம், இப்போது அமுங்கி 4 கூட இல்லை. செப்டம்பர் கடைசியில் மினி டில்லர் விட்டு மூன்று சால் ஓட்டினேன். அப்போது மண் ஈரம்தான். நாற்றுப் பெட்டி பார்சலில் வந்து இறங்கிவிட்டது, காத்திருக்க முடியவில்லை.

காரட்டுக்காரன் | ஜனவரி 10

நான் ஊட்டிப் பக்கம் கேத்தி ஊர்க்காரன். நம்ம ஊர் மண் களி, அதனால்தான் தண்ணீர் நிற்கிறது. ஆற்று மணல் இல்லாவிட்டால் எம்.சாண்ட் 2 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இறக்கி, கூடவே கோழி எரு ஒரு லோடு அடித்து, டில்லரை இன்னும் 2 தடவை நன்றாக ஓட்டுங்கள். மண் மாவு மாதிரி ஆகிவிடும். காரட்டுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன், ஒவ்வொன்றும் நேராக இறங்குகிறது.

மண்ணாய்வு65 | ஜனவரி 10

மண் பரிசோதனை வேலையில் 30 வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மணல் வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். 10 சென்ட் என்றால் சுமார் 405 சதுர மீட்டர். வேர் ஓடுகிற அரை அடி மண்ணை மட்டும் எடுத்தாலே 60 கன மீட்டர் வருகிறது. களிப்பான மண்ணின் குணத்தை மணல் போட்டு மாற்ற வேண்டுமானால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டியிருக்கும், அதாவது 30 கன மீட்டர், யூனிட் கணக்கில் 10 யூனிட்டுக்கு மேல். 2 யூனிட் போட்டால் களி மணலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் கொத்தனார் குழைத்த கலவை மாதிரி இறுகும். பணமும் போய், நிலமும் கெட்டுவிடும்.

இரண்டாவது, நம் மலைச் சிவப்பு மண்ணைக் களி என்று ஒதுக்குவது சரியில்லை. கையில் உருட்டினால் களி மாதிரி ஒட்டும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் களித்துகள்களைப் பிடித்துச் சின்னச் சின்னக் குருணையாகக் கட்டி வைத்திருக்கின்றன. அதனால் கை படாத நிலத்தில் இந்த மண் தண்ணீரை நன்றாகவே உள்ளே வாங்கும். பக்கத்தில் ஏதாவது பழைய புல்வெளி இருந்தால் அதே சிவப்பு மண்ணை அங்கே தோண்டிப் பாருங்கள், பலகை இருக்காது. உங்கள் நிலத்தில் இருக்கிற பலகை பிறவிக் குணம் இல்லை, ஈர மண்ணில் ஒரே ஆழத்துக்கு வருடா வருடம் டில்லர் கத்தி சுழன்று சுழன்று தேய்த்ததால் வந்தது. நீங்கள் பார்த்த அந்தப் பளபளப்பு கத்தி பூசிவிட்ட மெழுகு.

மூன்றாவது, நல்ல மண்ணில் பாதிதான் மண். மிச்சப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பாதியில் தண்ணீரும் பாதியில் காற்றும் இருக்கிற நிலைதான் வேருக்குப் பிடிக்கும். மழை பெய்யும்போது எல்லாத் துளையும் நிரம்பத்தான் செய்யும். பெரிய துளைகள் இருந்தால் ஒரு நாளுக்குள் அவை வடிந்து காற்று உள்ளே வந்துவிடும். உங்கள் மண்ணில் பெரிய துளைகளே இல்லை. வேர் மூச்சு முட்டியது, மூச்சு இல்லாத வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால்தான் சேற்றில் நின்றுகொண்டே செடி வாடியது. அந்த நேரம் பார்த்து ஃபைட்டாப்தோரா மாதிரி அழுகல் நோய்களும் வந்துவிடும், ஏனென்றால் அதன் வித்துகள் வால் வைத்து நீரில் நீந்திப் போகிறவை, தேங்கிய தண்ணீர்தான் அவற்றுக்குப் பாதை. அடித்தண்டில் காவி நிறம், தோல் உருவும் வேர் இரண்டும் அதைத்தான் காட்டுகின்றன. மருந்து ஊற்றினால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், வடிகால் இல்லாமல் தீராது.

செடி பசியில் இல்லை, மூச்சு இல்லாமல் இருக்கிறது. உரக்கடையில் இதற்கு விடை கிடைக்காது.

இப்போது செய்ய வேண்டியது: மண் மாதிரி எடுத்து ஊட்டியிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், பி.எச். (புளிப்பின் அளவு), ஈ.சி. (உப்பின் அளவு), அங்ககக் கரிமம் (மட்கிய பொருளின் அளவு) மூன்றையும் கேளுங்கள். கூடவே வீட்டிலேயே ஒன்று செய்யலாம். உங்கள் நிலத்து மண்கட்டி ஒன்றும் புல்வெளி மண்கட்டி ஒன்றும் நெல்லிக்காய் அளவுக்கு எடுத்து நிழலில் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்கிப் பாருங்கள்.

மேட்டுநிலம் | ஜனவரி 14

ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தேன். மேலே மாட்டுக்கு விட்டிருக்கும் புல்தரையிலிருந்து எடுத்த கட்டி, போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் அப்படியே இருக்கிறது, இரண்டு மூன்று காற்றுக் குமிழி மட்டும் மேலே வந்தது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஸ்ட்ராபெரி நிலத்துக் கட்டி ஒரு நிமிடம் தாங்கவில்லை. ஓரத்திலிருந்து பொலபொலவென்று சரிந்து, டம்ளருக்கு அடியில் சேறாகப் படிந்துவிட்டது, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் 40 அடி தூரம்கூட இல்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டம்ளரைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஒரு அடிக் குழி எடுத்து, ஒரு தடவை தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பினேன். சாயங்காலம் 5 மணிக்கு நிரப்பியது காலை 7 மணிக்கு ஒரு சாண்கூட இறங்கவில்லை.

மேல்மலைக்காரி | ஜனவரி 14

14 மணி நேரத்தில் ஒரு சாண் இல்லை என்றால் மணிக்கு முக்கால் அங்குலம்கூட இறங்கவில்லை. குறைந்தது ஒரு அங்குலமாவது இறங்கினால்தான் ஸ்ட்ராபெரிக்குப் பரவாயில்லை என்று சொல்லலாம். இந்த வருடப் பயிரை மறந்துவிடுங்கள் தம்பி, வருத்தமாகத்தான் இருக்கும். மண்ணுக்கு ஒரு 8, 9 மாதம் கொடுங்கள்.

காரட்டுக்காரன் | ஜனவரி 15

ஐயா சொன்ன மணல் கணக்கு எனக்கும் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கோழி எருவை எதற்கு ஒதுக்க வேண்டும்? கேத்தியில் கோழி எரு இல்லாமல் யாரும் காரட் எடுப்பதில்லை.

மண்ணாய்வு65 | ஜனவரி 15

காரட் நிலத்தில் உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஸ்ட்ராபெரி உப்பு தாங்காது, விஷயம் அவ்வளவுதான். மண்ணின் ஈ.சி. 1-ஐத் தாண்டினாலே மகசூல் இறங்க ஆரம்பிக்கும், தோட்டப் பயிர்களிலேயே அவ்வளவு மென்மையான பயிர் குறைவு. புதுக் கோழி எருவில் உப்பும் அதிகம், அம்மோனியாவும் அதிகம். 6 மாதம் மட்கியது என்றால் கொஞ்சமாகப் போடலாம். ஊட்டிப் பக்கம் காளான் பண்ணைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள், அதற்கும் இதே பதில்தான், ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்து உப்புக் கழுவிய பிறகு போடுங்கள்.

மொட்டைமாடி ஓசூர் | ஜனவரி 16

உப்பு என்றதும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நான் மாடியில் தொட்டியில் 60 செடி வைத்திருக்கிறேன். மண் இறுகாமல் இருக்கத் தென்னைநார்க் கழிவு கட்டி வாங்கி, ஊறவைத்து அப்படியே பாதிக்குப் பாதி கலந்தேன். 10 நாளில் இலை நுனி எல்லாம் கருகிவிட்டது. விற்றவர் கழுவியது என்றுதான் சொன்னார். பிறகு ஒரு நண்பரின் மீட்டரில் அளந்தால் ஈ.சி. 3-க்கு மேல். இப்போது நானே 3 தடவை தண்ணீர் மாற்றிக் கழுவுகிறேன், கடைசித் தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு இரவு ஊறவைத்து வடிக்கிறேன். நாரில் ஒட்டியிருக்கிற சோடியமும் பொட்டாசியமும் அப்போதுதான் கழன்று வரும். நிலத்துக்குப் போடுகிறவர்களும் பச்சை நார்க்கழிவைக் கொட்டாதீர்கள். அதில் கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) 100-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும், மட்குவதற்குச் செடியின் தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும்.

கந்தப்பளைத் தோட்டம் | ஜனவரி 17

வணக்கம், நான் இலங்கையில் நுவரெலியாப் பக்கம், லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்), இப்போது ஸ்ட்ராபெரியும். உங்கள் மண்ணும் எங்கள் மண்ணும் உடன்பிறப்புப் போலத்தான், சிவப்பு, புளிப்பு, சரிவு. 2021 மே மாதம் இங்கே இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது எல்லாரும் கொம்போஸ்டுக்கு ஓடினோம். நான் வாங்கியது அரைகுறையாக உக்கியது, உள்ளே இன்னும் சூடு இருந்தது. போட்ட பாத்தியெல்லாம் மஞ்சளாகப் போனது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் எங்கள் ஒரு போகம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கையை உள்ளே விட்டுச் சூடு இல்லை, மாட்டு வாசம் இல்லை, மழை பெய்த காட்டு மண் வாசம்தான் வருகிறது என்று தெரிந்தால் ஒழிய எந்தக் கொம்போஸ்டையும் நான் நிலத்தில் இறக்குவதில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. இங்கே தேயிலைத் தோட்டங்களில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதற்கு முன், குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல்லை ஒன்றரை, இரண்டு வருடம் நிலத்தில் விடுவார்கள். என் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். வெட்டி வெட்டி அங்கேயே போடுவார்கள். அந்தப் புல்லின் வேர்தான் இறுகிய மண்ணைத் திறக்கும். எந்த இயந்திரமும் அந்த வேலையைச் செய்யாது. டில்லரும் வேண்டாம், முள்ளுக் குத்துங்கள், அதாவது நீளமான இரும்புப் பல் வைத்த மண்முள்ளால் குத்துங்கள். முள்ளை முழுதாக இறக்கி, பிடியைப் பின்னால் சாய்த்து மண்ணைச் சற்று நெகிழ்த்திவிட்டு, புரட்டாமல் உருவி எடுத்து அடுத்த அடிக்குப் போக வேண்டும். 10 சென்டுக்கு இரண்டு ஆளுக்கு 3 நாள் வேலை.

மேட்டுநிலம் | பிப்ரவரி 6

பரிசோதனை முடிவு வந்தது. பி.எச். 4.8. அங்ககக் கரிமம் புல்தரையில் இருப்பதில் பாதிக்கும் கீழே. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 'அதிகம்' என்று வந்திருக்கிறது, ஆனால் செடியோ மணிச்சத்து இல்லாத மாதிரி சிவந்து நிற்கிறது, இது எப்படி? புளிப்பைக் குறைக்க 90 கிலோ டாலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் மாவு) போடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

மண்ணாய்வு65 | பிப்ரவரி 6

20 வருடம் உருளைக்கிழங்குக்குப் போட்ட மணிச்சத்து எல்லாம் மண்ணில் இருக்கிறது. புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துப் பூட்டி வைத்துவிடும். பரிசோதனையில் வந்ததெல்லாம் இந்த நிலைமையில் உங்கள் வேருக்கு எட்டாது, நுனியே இல்லாத வேர் எப்படி எடுக்கும். இன்னும் டி.ஏ.பி. போட்டால் அதிலுள்ள மணிச்சத்தும் பூட்டுக்குள்தான் போகும். பி.எச். 5-க்குக் கீழே போனால் அலுமினியம் மண்ணீரில் கரைந்து வேர் நுனியையே கருக்கிவிடும், அதனால் வேர் குட்டையாக இருப்பதற்கு அந்தப் பலகையோடு இதுவும் ஒரு காரணம். ஸ்ட்ராபெரிக்கு 5.5 முதல் 6.5 வரை போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், இரும்புச் சத்து எட்டாமல் இளம் இலை வெளுக்கும்.

டாலமைட்டை இப்போதே போடுங்கள், நடுகிற மாதத்தில் போட்டுப் பயனில்லை, மெதுவாகத்தான் கரையும். எருவோடு ஒரே நாளில் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும், 3 வாரம் இடைவெளி விடுங்கள். ஜிப்சம் மண்ணை இளக்கும் என்று யாராவது சொன்னால், அது சோடியம் மிகுந்த கீழ்நாட்டுக் களர் நிலத்துக்கு உள்ள வைத்தியம், உங்கள் நிலத்துப் புளிப்பை அது குறைக்காது.

அப்புறம் கந்தப்பளை நண்பர் சொன்ன புல் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. வேரைச் சுற்றி வாழும் பூஞ்சை இழைகள் குளோமலின் என்ற பசை போன்ற ஒரு பொருளை விடுகின்றன, 1996-ல் அமெரிக்க வேளாண் துறையில் சாரா ரைட் என்ற அம்மையார் கண்டுபிடித்தது. அந்த இழையும், வேர் கசியும் பசையும், மண்புழு எச்சமும் சேர்ந்துதான் உங்கள் டம்ளரில் கரையாமல் நின்ற அந்தக் கட்டி. டில்லர் ஒரு சுற்றில் அந்த இழைகளையெல்லாம் அறுத்துவிடும். இரண்டு வருடம் காத்திருக்க முடியாது என்றால் ஓட்ஸும் பட்டாணியும் கலந்து விதையுங்கள். சணப்பையும் தக்கைப்பூண்டும் நம் குளிருக்கு ஏறாது. லூபின் என்ற பயறுவகைச் செடியின் விதை கிடைத்தால் அதுவும் நல்லது.

சாலினாஸ்பக்கம் | பிப்ரவரி 8

கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன், தமிழில் இப்படி ஒரு இழை பார்த்ததே சந்தோஷம். ஒன்றை யாரும் சொல்லவில்லை. உருளை, தக்காளி, மிளகாய் போட்ட நிலத்தில் வெர்ட்டிசிலியம் வாடல் நோய் வித்து வருடக்கணக்கில் தூங்கும், ஸ்ட்ராபெரிக்கு அது எமன். உங்கள் செடி மழைக்குப் பிறகு ஒரே நாளில் முழுதாக வாடியதால் அது இல்லை என்றுதான் தோன்றுகிறது. வெர்ட்டிசிலியம் என்றால் வெளிச்சுற்று இலைகள் முதலில் காய்ந்து, நடுக்குருத்து பச்சையாகவே நிற்கும். ஆனாலும் கவனம். இங்கே அந்த நோய்க்குப் பயந்து மெத்தில் புரோமைடு வாயு அடித்தே பழகினார்கள், ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று குறைத்துக் குறைத்து 2016-க்குப் பிறகு காய்ப்பு வயல்களுக்கு அதுவும் நின்றுபோனது. இப்போது சிலர் ஏக்கருக்கு 8 டன் வரை அரிசித் தவிடு கலந்து, பாத்தியை நனைத்து, பிளாஸ்டிக் போட்டு மூடி, காற்றில்லாமல் புளிக்க வைக்கிறார்கள். மண் சூடு வேண்டும், உங்கள் குளிரில் எவ்வளவு வேலை செய்யும் என்பது சந்தேகம்தான். சுலபமான வழி ப்ராக்கோலி. அறுவடை முடிந்த தண்டையும் இலையையும் நறுக்கி மண்ணில் சேர்த்தால் அந்த நோய் வித்து குறைகிறது, இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெரிக்கு முன் ப்ராக்கோலி போடுவதற்கு அது ஒரு காரணம்.

காரட்டுக்காரன் | பிப்ரவரி 8

ப்ராக்கோலி கேத்தியில் நிறையவே போடுகிறோம், தண்டை எல்லாம் ரோட்டோரம்தான் கொட்டுகிறோம். மேட்டுநிலம் தம்பி, வேண்டுமானால் வண்டி அனுப்புங்கள், ஏற்றிவிடுகிறேன்.

மேட்டுநிலம் | ஜூன் 22

நடுவில் எழுதவே இல்லை, மன்னிக்கவும். செய்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி நடுவில் டாலமைட். மார்ச்சில் முள்ளுக் குத்தினோம், அப்பாவும் நானும், 4 நாள் ஆனது. பலகையைத் தாண்டி முள் இறங்கும்போது 'கிரக்' என்று ஒரு சத்தம் வரும், அது கேட்டால்தான் அப்பா அடுத்த அடிக்கு நகர்வார். கோடை மழை பிடித்ததும் ஏப்ரலில் ஓட்ஸும் பட்டாணியும் விதைத்தேன். கேத்தி அண்ணன் 2 வண்டி ப்ராக்கோலித் தண்டு கொடுத்தார், பணம் வாங்க மறுத்துவிட்டார், அதை ஒரு மூலையில் நறுக்கிச் சேர்த்தேன்.

ஓட்ஸ் இடுப்பளவு வந்து கதிர் தள்ளும் பருவத்தில் அறுத்து அங்கேயே படுக்கப் போட்டேன். நேற்று ஒரு இடத்தில் தோண்டினேன். பலகை இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் விரிசல் விழுந்த இடமெல்லாம் ஓட்ஸ் வேர் வெள்ளை வெள்ளையாக உள்ளே போயிருக்கிறது. ஒரு மண்வெட்டிக் கட்டியில் 6 மண்புழு. ஆனால் வெள்ளைப்புழுவும் 3 இருந்தது, சுருண்டு கிடந்தது, தலை மட்டும் காவி நிறம். பயமாக இருக்கிறது.

மேல்மலைக்காரி | ஜூன் 22

வெள்ளைப்புழு மட்காத மாட்டெருவிலிருந்து வந்திருக்கலாம், ஓரத்தில் பழைய குவியல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா பாருங்கள். அகப்படுவதைப் பொறுக்கி எடுங்கள், புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை மட்கிய எருவில் கலந்து ஈரமான நாளில் தூவுங்கள். நன்றாக மட்காத எருவை ஸ்ட்ராபெரி நிலத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பாத்தி போடும் விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செப்டம்பர் மழைக்கு முன்னால், மண் காய்ந்து புட்டுப் பதத்தில் இருக்கும்போது போட்டு முடிக்க வேண்டும். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடி பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அன்றைக்கு நிலத்தில் இறங்கக்கூடாது. பாத்தி ஒரு அடி உயரம், மேல் அகலம் இரண்டரை அடி, வாய்க்கால் ஒன்றரை அடி. இரண்டு வரிசை, குறுக்கு மறுக்காக, செடிக்குச் செடி ஒரு அடி. 10 சென்டுக்கு ஒரு டன் மட்கிய எரு, மேல் அரை அடியில் மட்டும் கலக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் செடியின் வேரில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். பாத்தியைச் சரிவுக்கு நேராகக் கீழ்நோக்கிப் போடாதீர்கள், மண் எல்லாம் ஓடைக்குப் போய்விடும். குறுக்கே போட்டு, வாய்க்காலுக்கு 100 அடிக்கு ஒரு அடி இறக்கம் கொடுத்து, முடிகிற இடத்தில் புல் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் விரித்தால் பெய்கிற மழை எல்லாம் வாய்க்காலுக்குத்தான் ஓடும், அது வெளியேற வழி இல்லை என்றால் பாத்தி அடியிலிருந்து ஊறும். வாய்க்காலில் அறுத்த ஓட்ஸ் வைக்கோலைத் தடிமனாகப் போடுங்கள், மிதித்தாலும் மண் இறுகாது.

ஒருமுறை போட்ட பாத்தியை உடைக்காதீர்கள். என் பாத்திகள் சிலவற்றுக்கு 5 வயது. பழைய செடியை அடித்தண்டோடு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு போகம் மலைப்பூண்டு போட்டு, மறுபடி அதே பாத்தியில் ஸ்ட்ராபெரி வைக்கிறேன்.

மொட்டைமாடி ஓசூர் | ஜூன் 23

அக்கா, பைன் ஊசி இலை மூடாக்குப் போடலாமா? மண் புளிக்கும் என்கிறார்களே.

மேல்மலைக்காரி | ஜூன் 23

போடலாம், காய்ந்த ஊசி மண்ணை அந்த அளவுக்குப் புளிப்பாக்குவதில்லை, பழமும் சேறு படாமல் இருக்கும். சொந்த நிலத்தில் விழுந்ததை மட்டும் எடுங்கள், காட்டிலிருந்து அள்ளாதீர்கள். யூகலிப்டஸ் இலையை மட்டும் மட்காமல் போட வேண்டாம்.

மேட்டுநிலம் | டிசம்பர் 3

எல்லாருக்கும் ஒரு தகவல். இந்த முறை 500 செடிதான் வைத்தேன், 10 சென்டில் கால்பங்கு. மிச்ச இடத்தில் இரண்டாவது தடவையாக ஓட்ஸ் விதைத்துவிட்டேன், அதற்கு இன்னும் ஒரு வருடம் கொடுக்கலாம் என்று அப்பாதான் சொன்னார். பி.எச். 5.6 வந்திருக்கிறது.

போன வாரம் இங்கே மழை 4 நாள். மூன்றாம் நாள் இரவு தூக்கம் வரவில்லை, டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் செம்மண் நிறம் இல்லை, வைக்கோலுக்கு அடியில் தெளிவாகத்தான் ஓடியது. பாத்தி ஓரத்தில் கையை உள்ளே விட்டேன், ஈரமாக இருந்தது, சேறாக இல்லை. மழை விட்ட மறுநாள் மத்தியானம் வெயிலில் போய் நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். 11 செடி வாடியிருந்தது. அத்தனையும் வாய்க்கால் முடிகிற கீழ்மூலையில்தான், அங்கே இறக்கம் சரியாக வரவில்லை, தண்ணீர் முட்டி நிற்கிறது.

நன்றாக இருந்த ஒரு செடியை மனம் கேட்காமல் தோண்டிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, நுனிவரை முடி முடியாக, பழைய பலகை இருந்த ஆழத்தைத் தாண்டி இறங்கியிருக்கிறது. உதறினால் மண் விழவில்லை, சின்னச் சின்னக் குருணையாக வேரிலேயே ஒட்டித் தொங்குகிறது. டம்ளர் சோதனையும் செய்தேன், 20 நிமிடம் தாங்கியது. புல்தரைக் கட்டி அளவுக்கு இன்னும் வரவில்லை.

கீழ்மூலையை என்ன செய்வது என்று சொல்லுங்கள். குழி எடுத்துக் கல் போட்டு வடிக்கவா, இல்லை அந்த 3 அடியை விட்டுவிட்டுப் புல்லாகவே வைக்கவா?

மண்ணாய்வு65 | டிசம்பர் 3

மூலையைப் புல்லாக விடுங்கள். கல் போட்ட குழி 2 மழையில் வண்டல் அடைத்துக்கொள்ளும். மார்ச்சில் மண் காய்ந்ததும் அந்த வாய்க்காலின் கடைசி 15 அடியை மட்டும் மட்டம் பார்த்து ஒரு கை ஆழம் இறக்குங்கள். இப்போது ஈரத்தில் அங்கே கால் வைக்காதீர்கள்.

காரட்டுக்காரன் | டிசம்பர் 4

தம்பி, அந்த டம்ளர் சோதனையை என் நிலத்து மண்ணில் நேற்று செய்தேன். 40 வினாடி. அந்த முள்ளு எங்கே வாங்கினீர்கள்?

மேட்டுநிலம் | டிசம்பர் 4

அண்ணா, வாங்கவில்லை, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மாமா வீட்டுப் பரணில் கிடந்தது, பிடி மட்டும் சீகை மரத்தில் புதிதாகப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், முதல் வரிசையை நாம் சேர்ந்தே குத்தலாம். மழை வந்துவிட்டால் மட்டும் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்.